கழுவி வைத்த கம்ப்யூட்டர்

குடும்பத்தில் யாராவது ஒருவர் கம்ப்யூட்டரில் டிப்ளோமா வாங்கிவிட்டால் போதும். அதன்பிறகு கரண்டில் ஓடும் எந்தப் பொருள் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பாவப்பட்ட ஜென்மம் நான். சித்தப்பா வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் இழுக்காவிட்டாலும் கலும்பாங்கிலிருந்து எனக்குத்தான் போன் வரும். நானும் ஒருநாளாவது "எனக்குத் தெரியாது" என்று சொன்னதில்லை. (தெரியாது என்பதுதான் உண்மை.) அந்த மிதப்புக்குக் கிடைத்த பலனைத்தான் இங்கே எழுதுகிறேன். சிரிப்பாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறதோ பார்க்கலாம்.

எங்கள் வீடு கோல சிலாங்கூரில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. அப்பா, சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டினார். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போகும் வேலை. நான் டிப்ளோமா சேர்ந்தபோது எனக்கு ஒரு மேசைக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் லோரிக்குச் சமமாக மதித்தார். ஆயுத பூஜை அன்று சாமி மேடைக்கு முன்னால் லோரி சாவி, ஸ்பானர், அரிவாள் எல்லாவற்றோடும் கம்ப்யூட்டரும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "எம் புள்ளைக்கு இதுதான்லா ஆயுதம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முதல் வருடம், லோரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவது போல இதற்கும் நசுக்கவேண்டும் என்று மவுஸைப் பழத்தின் மேல் வைத்து ஓங்கி அழுத்திவிட்டார். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மவுஸ்தான் ரோசாக், உடைந்தே போனது.

பூஜைக்கு வந்த ஆயுதம் எதுவாக இருந்தாலும் சாமிக்கு முன்னால் ஒருமுறை ஓடிக் காட்டவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். வாசலில் நிற்கும் லோரி ஹாரன் அடிக்கும். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? "இதுக்கு வாயே இல்லையாலா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் காலத்து ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு வசதி இருந்தது. திறக்கும்போது, மூடும்போது, தப்பாக எதையாவது அழுத்தும்போது என்று ஒவ்வொன்றுக்கும் நம் இஷ்டப்படி ஒரு சத்தத்தை வைத்துக்கொள்ளலாம். நான் அப்பாவின் குரலையே வைத்துவிட்டேன்.

ரெக்கார்டிங் அன்று அப்பா குளித்து, தலை சீவி, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"குரலுக்கு எதுக்குப்பா சட்டை?"

"சும்மா இருலா. பேசுறவன் எப்படி இருக்கானோ அப்படித்தான் பேச்சும் இருக்கும்."

அன்றிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தால், "யாருலா அது? வாங்க, உள்ள வாங்க" என்று கேட்கும். தப்பாக எதையாவது அழுத்தினால், "ஐயையோ, என்னா பண்ணி வச்ச?" என்று பதறும். மூடினால், "சரி, பாத்துப் போங்க" என்று வழியனுப்பும். என் தோழிகள் வீட்டுக்கு வந்தால் வேண்டுமென்றே தப்புத் தப்பாக அழுத்தி உருண்டு சிரிப்பார்கள். அப்பாவுக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை.

அப்பா இறந்துபோனார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

அதன்பிறகு அம்மா கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டது மூன்றே காரியம்: திறப்பது, தப்பாக அழுத்துவது, மூடுவது. சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றியதும் நேராகப் போய் பட்டனை அழுத்துவார். "யாருலா அது?" என்று கேட்கும். "நாந்தாங்க" என்பார். கொஞ்சநேரம் கண்ட இடத்தில் எல்லாம் அழுத்தி நன்றாகத் திட்டு வாங்குவார். பிறகு மூடிவிட்டு, முகம் கழுவி, சோறு போடுவார். அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கம் போவதில்லை. புருஷன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் நமக்கு என்ன வேலை?

வருடங்கள் போயின. நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபிஸில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அங்கே எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் புதிய சிஸ்டம் போட்டார்கள். அதற்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்தில் கறிபாப்பும் கொடுத்தார்கள். கறிபாப்பைத் தின்றுகொண்டே கேட்டதில் நான் பெரிய நிபுணி ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. வீட்டுக் கம்ப்யூட்டரோ, இனி உனக்குப் பாதுகாப்புக் கிடையாது என்று திரையில் எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஆயுத பூஜை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் அப்பா லோரியைத் தேய்த்துக் கழுவி, டயருக்குக் கறுப்பு அடித்து, புது மாப்பிள்ளை போல நிறுத்தி வைப்பார். அதேபோல இந்த வருடம் கம்ப்யூட்டரையும் உள்ளும் புறமும் கழுவி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஆசைதான் என் தலையில் மண்ணைப் போட்டது.

தொடங்கும் முன் அம்மா கேட்டார்: "எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டியா பாப்பா?"

"வச்சிட்டேம்மா."

"அப்பாவ?"

"அவருதாம்மா முதல்ல. பத்திரமா இருக்காரு."

நான் படங்களைச் சொன்னேன். அப்பாவின் படங்கள், யார் யாருடைய கல்யாணப் பத்திரிகைகள், என் டிப்ளோமாப் பாடங்கள், ஒன்றுக்கும் உதவாத அத்தனை குப்பையையும் தம்ப்டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். அப்பாவின் குரல் மட்டும் என் நினைவுக்கே வரவில்லை. அது ஒரு பைல் என்று எனக்குத் தோன்றினால்தானே? எத்தனையோ வருடமாக அது கம்ப்யூட்டரின் குரலாகவே ஆகிவிட்டிருந்தது. தவிர, சிஸ்டம் தன்னுடைய சத்தங்களை வைத்திருக்கும் போல்டருக்குள்ளேயே அதைக் கொண்டுபோய்ச் சொருகி வைத்திருந்தேன். (படிக்கிற காலத்தில் காட்டிய கெட்டிக்காரத்தனம்.) பழையதை வைத்துக்கொண்டு மேலே போடவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா என்று புதிய சிஸ்டம் மரியாதையாகத்தான் கேட்டது. பூஜைக்குக் கழுவும்போது யாராவது பாதி கழுவுவார்களா? அழி என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. நிச்சயமாக என்றேன். எல்லாம் முடிந்து திரை பளபளவென்று வந்து நின்றபோது, ஸ்பீக்கர் மாட்டாமலேயே ஒரு துணியால் துடைத்து, சாமி மேடைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

பூஜைக்குச் சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. சூடம் காட்டி முடிந்தது. வருடா வருடம் எல்லோரும் காத்திருக்கும் நேரம் அதுதான். அப்பாவின் தம்பியான சித்தப்பா இதற்காகவே கலும்பாங்கிலிருந்து வருகிறவர். பூஜை ஒரு சாக்கு. அவரே ஸ்பீக்கரை மாட்டினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தனம் ஒட்டிய விரலால் பட்டனை அழுத்தினார்.

இனிமையாக ஒரு இசை வந்தது. அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை. "ஸ்பீக்கர் வயரு லூசா இருக்கும் தம்பி" என்றார். சித்தப்பா வயரை அமுக்கினார். அம்மா கம்ப்யூட்டரை மூடித் திறந்தார். அதே இசை. தப்பாக அழுத்திப் பார்த்தார். டிங் என்றது. இன்னும் தப்பாக அழுத்தினார். டிங். டிங். டிங். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவரு எங்க பாப்பா?"

நிபுணி அழுதுவிட்டாள். நான் அழுத பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ தட்டிலிருந்த சுண்டலை எடுத்து எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்.

மறுநாளே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு டவுனில் கடை கடையாக அலைந்தேன். அழித்த இடத்தின் மேலேயே புதியது உட்கார்ந்துவிட்டது, இனி முடியாது என்று கைவிரித்தார்கள். சரி, கல்யாண வீடியோக்களில் அப்பா பேசியிருப்பாரே என்று சொந்தக்காரர்கள் வீட்டு டிஸ்க்குகளை எல்லாம் வாங்கி வந்து போட்டுப் பார்த்தோம். அப்பா எல்லாவற்றிலும் இருந்தார். வாயசைத்துப் பேசினார், கை நீட்டி வாங்க என்று கூப்பிட்டார், யாரையோ கிண்டல் செய்தார். அத்தனைக்கும் மேல் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் எடுக்கும் கல்யாண வீடியோவில் மனிதர் சத்தத்தை யார் வைக்கிறார்கள்? ஒன்றில் அப்பா எதையோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, "என்னா சொல்றாரு, என்னா சொல்றாரு" என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கினார். "அண்ணன் குரலும் என் குரலும் ஒன்னுதாம்மா. நான் பேசுறேன், நீ எடு" என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அவரை உட்கார வைத்து எடுத்துப் போட்டுக் காட்டினேன். "யாருலா அது?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். வந்தவர் சித்தப்பாவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்களா தம்பி?" என்றார். பிறகு, "உங்கண்ணன் கேட்டா உக்காந்து கோப்பி குடிக்கலாம் போல இருக்கும். நீங்க கேட்டா மாத்தா மாத்தா வந்த மாதிரியில்ல இருக்கு" என்றார். நான் சிரித்தேன், போலீஸ்காரராக்கப்பட்ட சித்தப்பாவும் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, பூஜை அன்று அழாததையும் சேர்த்து அழுதார். சித்தப்பா பேசியதை நானே அழித்தேன். இந்தமுறை சிஸ்டம் நிச்சயமாகவா என்று கேட்டபோது சித்தப்பாதான் தலையாட்டினார்.

போன தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனை நீட்டினேன். நான் திருந்திவிட்டேன் என்று காட்டவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

"ஏதாச்சும் பேசும்மா."

"எதுக்கு?"

"சும்மா வச்சிக்கிறதுக்கு."

அம்மா பிழிவதை நிறுத்தவில்லை. "வேணாம் பாப்பா. உங்கப்பா ஆஸ்பத்திரியில ஒருதரம் போனாரு, பூஜையில ஒருதரம் போனாரு. எனக்கு ஒருதரம் போதும்லா."

பக்கத்தில் உட்கார்ந்து சூடாக முறுக்குத் தின்றுகொண்டிருந்த சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அவர் விடுவாரா? இப்போது எந்த விருந்துக்குப் போனாலும், இரண்டாவது தடவை சோறு வைக்க வருகிறவர்களுக்கு இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "எனக்கு ஒருதரம் போதும்லா" என்கிறார். பந்தியில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். நான் மட்டும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.