என் நிய்யத்தை நாடே கேட்டது

தந்தா நகரம்,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்பும் பேரன்பும் கொண்ட மச்சான் ஹாஜி பஸ்யூனி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை இன்ஷிராஹைக் கைப்பிடித்த நாள் முதல் உங்களுக்கு அடங்கி நடக்கும் ஷஹாத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கு நான் சுகம். உங்கள் தங்கை என்னைவிடச் சுகம். அங்கு தஸூக்கில் தாங்களும், மதினியும், பேரப்பிள்ளைகளும், புதிதாகக் கன்று ஈன்ற எருமையும் அவ்வண்ணமே இருக்க துஆ செய்கிறேன்.

தொலைபேசியில் அழைத்தால் தாங்கள் எடுப்பதில்லை. மதினிதான் எடுக்கிறார். "அவரு வயல்ல இருக்காரு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், "நான் வயல்ல இருக்கேன்னு சொல்லு!" என்று பக்கத்திலிருந்து தங்கள் குரல் கேட்கிறது. ஆகவேதான் கடிதம். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: தங்கள் தங்கை இன்றும் என் மனைவிதான், அதற்கு நாடே சாட்சி. ஊர் சிரித்து ஓய்ந்துவிட்டது, அவளும் மன்னித்துவிட்டாள், தாங்கள் ஒருவர்தான் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு விருந்து, அதுவும் மார்க்கக் கடமையான விருந்து. அண்ணன் வராவிட்டால் அடுப்பே மூட்ட மாட்டேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். எனவே நடந்ததைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

செவ்வாய்தோறும் மாலையில் ஷேக் ஷாகிர் நடத்தும் 'கேட்டுத் தெளிவோம்' நிகழ்ச்சி தாங்கள் அறிந்ததே. ஜனங்கள் போன் போட்டு மார்க்கச் சந்தேகம் கேட்பார்கள், அவர் சிரித்த முகத்தோடு பதில் சொல்வார். கேட்கிறவர்கள் கேட்கட்டும், எனக்கென்ன? ஆனால் போன மாதம் ஒரு செவ்வாயன்று முடிதிருத்துநர் ஸெய்னுஹுமின் சலூனில் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையோடும் நான் உட்கார்ந்திருக்கையில், சுவரில் இருந்த டிவியிலிருந்து என் வீட்டு அடுக்களைக் குரல் வருகிறது. "ஷேக், தந்தாவிலேர்ந்து பேசறேன். என் வீட்டுக்காரரு நல்ல மாம்பழத்தையெல்லாம் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டு, வீட்டுக்கு வர்றவங்களுக்கு அழுகலாப் பார்த்துக் குடுக்கிறாரு. இது கஞ்சத்தனமா, பாவமா?" ஷேக் கொஞ்சமும் யோசிக்காமல், "ரெண்டும்தான் தங்கச்சி" என்றார். சலூனே சிரித்தது. ஸெய்னுஹும் மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை என் தொண்டைக்கு மேல் அப்படியே நிறுத்தி, "உஸ்தாத், பெருநாளைக்கு வந்தப்போ எனக்கு வெட்டிக் குடுத்தீங்களே ஒரு மாம்பழம்..." என்றார். நான் பாதி முகத்து நுரையோடு எழுந்து ஓடினேன்.

வீட்டுக்கு வந்தால் தங்கள் தங்கை ஒன்றும் நடக்காதது போல சுரைக்காய்க்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான், நம் ஊர் ஆண்களின் வாய் தாங்கள் அறியாததா? காபி குடிக்க ஒருவனைக் கூப்பிட்டாலும் "குடிக்கலைன்னா என் பொண்டாட்டி தலாக்" என்றுதான் கூப்பிடுவோம். அவனும் பாவம், இரண்டு காபி குடித்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டுப் போவான். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் நானும் கத்தினேன்: "இன்னொரு தடவை அந்த நிகழ்ச்சிக்கு நீ போன் போட்டே, உனக்குத் தலாக்!" அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "சரிங்க" என்றாள். அவளோடு பிறந்த தங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த "சரிங்க"வுக்குத்தான் பயந்திருக்க வேண்டும். நான் பயப்படாமல் மறு கன்னத்தை மழிக்கப் போய்விட்டேன்.

அடுத்த செவ்வாய். குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வருகிறேன், டிவியிலும் கூடத்திலும் ஒரே குரல் இரட்டையாகக் கேட்கிறது. "ஷேக், ஒரு சந்தேகம். இந்த நிகழ்ச்சிக்குப் போன் போட்டா தலாக்குன்னு என் வீட்டுக்காரரு சொல்லியிருக்காரு. போட்டா ஆயிருமா?"

"அப்படின்னா போடாம இருக்கிறது நல்லது தங்கச்சி."

"போட்டுட்டேனே."

"எப்போ?"

"இப்பத்தான். உங்ககிட்டதானே பேசிட்டு இருக்கேன்."

ஸ்டுடியோவில் யாரோ அடக்க முடியாமல் சிரிப்பது தெளிவாகக் கேட்டது. படம்கூடக் கொஞ்சம் ஆடியது. ஷேக் தாடியைத் தடவிக்கொண்டே, "ஏம்மா, என்ன ஆகும்னு தெரியாமயா போட்டே?" என்றார். "தெரியாததாலதான் போட்டேன். தெரியாததைத் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்கன்னு வாராவாரம் நீங்கதானே சொல்றீங்க?" என்றாள் தங்கள் தங்கை. ஷேக் நிதானமாகச் சொன்னார்: "இதுல உன் புருஷனோட நிய்யத்து என்னங்கிறதுதான் கணக்கு. நிஜமாவே பிரியணும்னு நினைச்சுச் சொன்னாரா, இல்ல உன்னைத் தடுக்கிறதுக்காக மிரட்டினாரா? சும்மா மிரட்டினதுன்னா தலாக் இல்ல. நம்ம நாட்டுச் சட்டமும் அதையேதான் சொல்லுது. சத்தியம் முறிஞ்சதுக்குப் பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போட்டா போதும். மனசுல இருந்ததை அவருதான் சொல்லணும். எங்க அவரு?"

"துண்டோட நிக்கிறாரு ஷேக்" என்று நாட்டுக்கு அறிவித்துவிட்டு, அவள் போனை என் வாயருகே நீட்டினாள்.

மச்சான், என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். ஓய்வு பெறும் வரை தந்தா ரயில் நிலையத்தில் வண்டி வருகையையும் தாமதத்தையும் ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். கெய்ரோவுக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் நடுவில் என் குரல் தெரியாத காது கிடையாது. "மிரட்டத்தான் சொன்னேன்" என்றால், நாளை முதல் தெருவில் என் மிரட்டலுக்கு ஒரு பூனையும் நகராது. "நிஜமாத்தான் சொன்னேன்" என்றால் இன்ஷிராஹ் போய்விடுவாள். நாடு கொஞ்ச நேரம் என் மூச்சை மட்டும்தான் கேட்டது. பிறகு நெய் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

அவள் உள்ளே போய், வெளியே போகும்போது அணிகிற முக்காட்டை அணிந்துகொண்டு வந்தாள். "நிய்யத்து தெரியுற வரைக்கும் நீங்க எனக்கு அந்நிய ஆம்பளை. அடுக்களைக்குள்ள வர்றதுன்னா இருமிட்டு வாங்க" என்றாள். அன்றுமுதல் தேநீர் என் அறைக்கு வெளியே தரையில் வந்து நின்றது. "சாக்ஸ் எங்க?" என்று கேட்டால், "அந்நிய ஆம்பளைங்க சாக்ஸைப் பத்தி எனக்கென்ன தெரியும் உஸ்தாத்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. தெருவில் இறங்கினால் ஆளுக்கொரு தீர்ப்பு. கசாப்புக் கடைக்காரர் தலாக் ஆகிவிட்டது என்றார், பேருந்து நடத்துநர் பாதி ஆகியிருக்கும் என்றார், ஸெய்னுஹும் மாம்பழத்துக்கு முதலில் தீர்ப்பு வேண்டும் என்றார். நான் ஓடிப்போய், மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஃபத்வா அலுவலகத்தில் ஓர் இளம் ஆலிமைப் பார்த்து, மிரட்டத்தான் சொன்னேன் என்று ரகசியமாக ஒப்புக்கொண்டு, தலாக் இல்லை என்று அவர் சொன்னதைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே நின்று ஒப்பித்தேன். உள்ளேயிருந்து, "நாட்டுக்கு முன்னால கேட்டேன். நாட்டுக்கு முன்னால சொல்லுங்க" என்று வந்தது. அப்போதுதான் தாங்களும் போன் செய்து, "அடுத்த செவ்வாய்க்குள்ள அவன் வாயைத் திறக்கலைன்னா வண்டியோட வரேன், பெட்டியைக் கட்டு" என்று அவளிடம் சொன்னீர்கள். கட்டினாள், மச்சான். கூடத்தில் வாசலைப் பார்த்தபடி அந்தப் பெட்டி நின்றது. அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன். அவள் இல்லாத வீட்டில் மாம்பழத்தை யாரிடமிருந்து ஒளிக்கப் போகிறேன்?

செவ்வாய் வந்தது. நானே போன் போட்டேன். கனவுக்குப் பலன் கேட்க ஒன்றை அழுத்து, சொத்துப் பாகத்துக்கு இரண்டை அழுத்து, தலாக்குக்கு மூன்றை அழுத்து என்றது ஒரு பெண் குரல். மூன்றை அழுத்தினால், நாட்டில் பாதிப் பேர் எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் ஷேக்கே வந்து, "யாரு பேசறது?" என்றார். பெயர் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஷேக், நான்தான் அந்த மாம்பழம்" என்றேன்.

"அடடா, வாங்க வாங்க! நாடே உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு. சொல்லுங்க, என்ன நிய்யத்து?"

"மிரட்டத்தான் சொன்னேன் ஷேக். பிரியணும்னு கனவுலகூட நினைச்சதில்ல. எத்தனையோ வண்டி வர்றதைச் சத்தமாச் சொன்னவன், இந்த ஒண்ணைச் சொல்ல வாய் வரல. அவ இல்லாம எனக்கு வீடுன்னு ஒண்ணு கிடையாது. அவ என்ன வேணா கேக்கட்டும், எங்க வேணா கேக்கட்டும், பக்கத்துல இருந்து கேக்கட்டும்."

"சரி, மிரட்டினீங்களே, அவங்க பயந்தாங்களா?"

"இல்ல ஷேக். ஒருநாளும் பயந்ததில்ல."

ஷேக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததாலா, அழுததாலா தெரியாது. "தலாக் இல்ல. பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போடுங்க. அழுகின மாம்பழம் செல்லாது" என்று தீர்ப்பாகிவிட்டது. தெருவின் அத்தனை பால்கனியிலிருந்தும் பெண்கள் குலவையிட்டார்கள், எங்கள் கல்யாணத்தில்கூட அத்தனை குலவை கிடையாது. இன்ஷிராஹ் முக்காட்டை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டுவிட்டு, "ஏங்க, சாக்ஸு தலகாணி உறைக்குள்ள இருக்கு" என்றாள். நான் அழுதுவிட்டேன், மச்சான். சொல்வதற்கென்ன வெட்கம்.

இப்போது சிக்கல் ஏழைகள்தான். எங்கள் தெருவில் ஏழை என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் இல்லை. வறுத்த கடலை விற்பவரைக் கேட்டேன். "நான் ஏழைதான். அதுக்காக உங்க சத்தியத்துக்கெல்லாம் ஏழையாக முடியாது" என்று கோபித்துக்கொண்டார். பிறகு, "என்ன சமையல்?" என்றார். வாத்து என்றேன். "முழு வாத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படிப் பார்த்தா கொஞ்சம் ஏழைதான்" என்றார். செய்தி பரவி இப்போது தெருவே ஏழையாகிவிட்டது. ஸெய்னுஹும்கூட சலூனைப் பூட்டிவிட்டு ஏழையாக வருவதாகச் சொல்லியிருக்கிறார், கட்டிலுக்கு அடியிலிருந்து மாம்பழம் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. தாங்கள் ஏழைக் கணக்கில் சேர மாட்டீர்கள். பந்தியில் முதல் இடத்தில் உட்கார வேண்டிய ஆள்.

நாங்கள் திருந்திவிட்டோம். இனி என் வாயில் தலாக் சத்தியம் வராது. இனி எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சி ஓடாது என்று இருவரும் கைகொடுத்துக்கொண்டோம். ரிமோட்டின் பேட்டரியையும் கழற்றிவிட்டேன். கோபத்திலும் நாக்கைக் கட்டிக் காக்கும் பெருந்தன்மை படைத்த தாங்கள், வீட்டு விவகாரத்தை வீதிக்குக் கொண்டுபோகாத தாங்கள், என்னைப் போன்ற வாய்த்துடுக்கனை மன்னித்து, மதினியோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே வந்துசேரவேண்டும். இறைவன் தங்கள் வயலிலும் எருமையின் மடியிலும் பரக்கத்தைச் சொரிவானாக.

தங்கள் அன்பு மச்சான்,
ஷஹாத்தா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, "ஒரே ஒரு தடவைங்க, நமக்கப்புறம் யாரு பேசறாங்கன்னு பார்ப்போம்" என்றாள் தங்கள் தங்கை. பேட்டரியைத் திரும்பப் போட்டோம். தஸூக்கிலிருந்து அபூ நாஜி என்று ஒருவர் பேசினார். "ஷேக், தங்கச்சி புருஷன் நாலு பேரு முன்னால மன்னிப்புக் கேக்குற வரைக்கும் அவன் வீட்டு வாசலை மிதிச்சா என் பொண்டாட்டி தலாக்குன்னு சொல்லிட்டேன். அவன் டிவியில பேசிட்டான். டிவி, நாலு பேருன்னு கணக்காகுமா? வெள்ளிக்கிழமை அங்க வாத்து விருந்துன்னு வேற சொல்றாங்க." உங்க நிய்யத்து என்னவென்று ஷேக் கேட்டு முடிப்பதற்குள், "சும்மா மிரட்டல்தான் ஷேக்! அவருக்குத் தங்கச்சின்னா உசிரு!" என்று ஒரு பெண் பின்னாலிருந்து கத்தினார். மதினி நலமாக இருக்கிறார் என்று தெரிந்து மகிழ்ந்தோம். மச்சான், பெயரை மாற்றினால் போதுமா? ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவது போலப் போனில் பேசுகிறவர் நாட்டில் தாங்கள் ஒருவர்தான். இன்ஷிராஹ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இப்போது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். டிவியில் நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அதனால் வாசலை மிதித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு என்று தங்களுக்கும் தீர்ப்பாகிவிட்டதல்லவா? அதற்காக தஸூக்கில் வீடு வீடாக அலைய வேண்டாம். ஏழைகள் எங்கள் தெருவில் தயார். வாத்துகளை மட்டும் தாங்கள் கொண்டுவாருங்கள்.