ஒன்பதாவது சக்கரம்

போட்டி தொடங்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. தொடக்கக் கோட்டில் ஈ காக்கை இல்லை. மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த அத்தனை பேரும், வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் போட்டிருந்த ஆரஞ்சு நிறக் கூடாரத்தின் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஏறி ஓட்டுவதற்காக வாங்கிய சைக்கிளை ஆளாளுக்குத் தோளில் சுமந்துகொண்டிருந்தார்கள். சக்கரம் தரையில் பட்டால் பழைய பயம் மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். ஆசானின் உத்தரவு. பந்தயமே தரையில்தானே நடக்கப்போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூடாரத்துக்குள்ளே, ஆசானுக்கு வலப்பக்கம், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மகா புத்திசாலி நான்தான். எனக்கு வரிசை கிடையாது. நான் சாட்சி. என் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'பயம் நீங்கியவர்'. யாராவது சந்தேகமாகப் பார்த்தால் ஆசான் என் பக்கம் கையை நீட்டுவார். பயம் நீங்கியவன் எப்படிச் சிரிப்பானோ அப்படி நான் சிரிக்க வேண்டும். அதற்காகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன்.

ஆசான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழுத்தில் பளபளவென்று துடைத்த சைக்கிள் செயின். அவர் சைக்கிள் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. அதுவே அவருடைய உயர்ந்த நிலைக்கு அடையாளம் என்று பேசிக்கொண்டோம்.

"உடம்புல எத்தனை சக்கரம்?" என்று கேட்பார்.

"ஏழு!" என்று கூட்டம் கத்தும்.

"வண்டியில?"

"ரெண்டு!"

"மொத்தம்?"

"ஒன்பது!"

கணக்கு சரியாக வந்துவிட்டது. கணக்கு சரியாக வந்தால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் முடிவு கட்டினோம். படித்தவர்கள் இல்லையா! அந்த வரிசையில் இரண்டு பொறியாளர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓர் அறிவியல் டீச்சர் இருந்தார்கள்.

"அப்புறம் ஏன் விழறீங்க? ஒன்பதாவது சக்கரத்துல பயம் குடியிருக்கு. முன் சக்கரம்! நீங்க பயப்படல. உங்க வண்டி பயப்படுது."

இதைவிட இனிப்பான வார்த்தையை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அதுவரை நான் விழுந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். பயிற்சிக்குப் போகாமல் போர்த்திக்கொண்டு தூங்கியது, வளைவில் கண்ணை மூடியது, பக்கத்தில் வருகிற ஆளை வேடிக்கை பார்த்தது, எல்லாவற்றுக்கும் ஒரே நிமிடத்தில் மன்னிப்பு கிடைத்தது. குற்றவாளி என் வண்டி.

பயத்தைக் கண்ணால் காட்டுவதுதான் ஆசானின் பெரிய வித்தை. சைக்கிளைத் தாங்கியில் தூக்கி மாட்டுவார். முன் சக்கரத்தை மெல்லச் சுற்றிவிடுவார். அது ஆடி ஆடி நிற்கும். நிற்கும்போது எந்த இடம் கீழே இருக்கிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி சுற்றுவார். அதே கோடு கீழே வந்து நிற்கும். பத்துத் தடவை சுற்றினாலும் அதேதான். "பயம் பூமியைப் பார்த்துத்தான் போகும்," என்பார். பிறகு கோட்டுக்கு நேர் எதிரே, கம்பிகளுக்கு நடுவில், விரல் நீளத்துக்கு ஒரு செம்புத் தகடு மாட்டுவார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். சுற்றுவார். இப்போது கோடு மேலே போய் நிற்கும்! கூட்டம் வாய் பிளக்கும். பயம் தலைகீழாகிவிட்டது. வாயை மூடியவர்கள் அடுத்து மூளையைத் திறப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பையைத் திறந்தார்கள்.

நான் சாட்சியான கதையையும் சொல்லிவிடுகிறேன். தகடு மாட்டிக்கொண்ட முதல் பந்தயத்தில் நான் மூன்றாவதாக வந்தேன். முப்பது பேரில் இருபத்தெட்டாவதாக வருகிறவன்! நடந்தது இதுதான்: காட்டுக்குள் வழிகாட்டும் அம்புப்பலகை காற்றில் திரும்பிவிட்டது. முன்னால் போனவர்களில் முதல் இரண்டு பேர் தவிர மற்ற எல்லாரும் அம்பை நம்பி ஓர் ஆட்டுப்பட்டிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். நான் வெகுநேரம் கழித்து வந்து சேர்வதற்குள் அதிகாரி ஒருவர் வந்து அம்பைச் சரியாக்கிவிட்டார். நான் சரியான வழியில் போனேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பார்த்தபோது, காரணம் செம்பாக இருந்தால்தான் அழகாக இருக்கும் என்று பட்டது.

என் அக்கா மட்டும் நம்பவில்லை. அவளும் இதே பந்தயங்களில் ஓட்டுகிறாள். எப்போதும் கடைசி. தடத்தில் ஒருவரும் மிச்சமில்லாமல் கூட்டிப் பெருக்கிவிட்டு வருவதால் அவளுக்குத் 'துடைப்பம்' என்று பெயர். அவள் அதற்குக் கவலைப்பட்டதே இல்லை. காலையில் மலையைப் பார்க்கலாம், மதியம் பசிக்கும், இரவில் தூக்கம் வரும், வேறென்ன வேண்டும் என்பாள். இருபத்தெட்டாவதாக வரும் நானும் அவளைத் துடைப்பம் என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

அன்று காலை வீட்டில் பெரிய சண்டை. ஆசான் எனக்குப் 'பூரண நிலை' தருவதாகச் சொல்லியிருந்தார். அதாவது, முன் பிரேக்கின் கட்டைகளைக் கழற்றிவிடுவது. பிரேக் என்பது பயத்துக்கு நாமே வைத்த கைப்பிடி. அது இருக்கும்வரை பயம் திரும்பத் திரும்ப வரும். முதலில் நான், என்னைப் பார்த்து மற்றவர்கள்.

"இன்னிக்கு முதல் பத்துப் பேரைத்தான் மாவட்டக் குழுவுல எடுக்கறாங்க," என்றேன். "பாறையில எல்லாரும் பிரேக் பிடிப்பாங்க. நான் பிடிக்க மாட்டேன். அங்கயே இருபது பேரைத் தாண்டிடுவேன்."

"தாண்டுவடா. பாறையையும் தாண்டிப் போயிடுவ," என்றாள் அக்கா.

அந்தப் பாறைக்குப் பெயர் பல்லுடைச்சான். வீட்டுக் கூரைபோல் செங்குத்தாக இறங்கும். இறங்கி முடிந்த இடத்தில் சட்டென்று வலப்பக்கம் ஒரு திருப்பம். திரும்பாதவர்களுக்காகக் கீழே ஒரு கற்குழி. எங்கள் அம்மா பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அந்தப் பாறையின் வாடிக்கையாளர்களை அவளுக்கு நேரில் தெரியும்.

"பல்லு போனா கட்டிக்கலாம்," என்றாள் அம்மா. "மண்டைக்கு எங்க டாக்டர்கிட்ட வைத்தியம் இல்ல."

"உங்களுக்கெல்லாம் நம்பிக்கையே கிடையாதும்மா."

"கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு அக்கா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். நான் பயம் நீங்கியவன் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தேன்.

கூடாரத்துக்கு வருவோம். ஆசான் என் சைக்கிளைத் தாங்கியில் மாட்டி, முன் சக்கரத்தில் அழிந்துபோயிருந்த சாக்பீஸ் கோட்டை மறுபடி போட்டார். ஒரு நிமிடத்தில் இரண்டு பிரேக் கட்டைகளும் கழன்று கண்ணாடிச் சீசாவில் விழுந்தன. கூட்டம் கை தட்டியது. என் கை தானாக அந்தச் சீசாவை நோக்கி நீண்டது. அது பயம் வெளியேறும் அறிகுறி என்று ஆசான் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் சந்தோஷப்பட்டேன்.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். சைக்கிளைத் தரையில் உருட்டிக்கொண்டே வந்தாள். வரிசை பதறி விலகியது. வாயில் பபிள்கம்.

"ஒரு சந்தேகம்," என்றாள்.

"கேளு மகளே."

"நான் இவனோட அக்கா. இந்தத் தகட்டைக் கொஞ்சம் கழட்டறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கழற்றிவிட்டாள். சக்கரத்தைச் சுற்றினாள். சாக்பீஸ் கோடு கீழே வந்து நின்றது. "ஐயோ, பயம் திரும்பிடுச்சு!" என்று மருந்துக்கடைக்காரர் அலறினார். அக்கா குனிந்து தரையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். வாயிலிருந்த பபிள்கம்மை எடுத்துக் கல்லில் அப்பி, தகடு இருந்த இடத்தில் ஒட்டினாள். முணுமுணுக்கவில்லை. கண்ணை மூடவில்லை. சுற்றினாள்.

கோடு மேலே போய் நின்றது.



"இப்ப சொல்லுங்க, பயம் எங்க நிக்கணும்?" என்று கூட்டத்தைக் கேட்டாள்.

"வ... வலப்பக்கம்," என்றார் அறிவியல் டீச்சர்.

கல்லைக் கால்வட்டம் நகர்த்தி ஒட்டினாள். சுற்றினாள். கோடு வலப்பக்கத்தில் நின்றது. "கனமான பக்கம் கீழ போகும். இதுதான் விஷயம். டீச்சர், இது நீங்க நடத்தற பாடம்."

டீச்சர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார். அக்கா சாவியால் செம்புத் தகட்டைச் சுரண்டினாள். மேலே மெல்லிய செம்புத் தாள், உள்ளே ஈயக்கட்டி.

"அட, இது கார் டயர் கடையில பேலன்ஸுக்கு ஒட்டறதாச்சே!" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஆசான் அசரவில்லை. கையை உயர்த்தினார். "பார்த்தீங்களா? இந்தப் பொண்ணுக்குள்ளயும் சக்தி இருக்கு! அதான் கல்லுகூட வேலை செய்யுது. அவளுக்கே அது தெரியல!"

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. உண்மையைச் சொல்கிறேன், நானும் விட்டேன். என் அக்காவுக்குச் சக்தி! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆசானிடம் திரும்பினாள். "வெளிய நிக்கற ஸ்கூட்டர் உங்களோடதுதானே? அதுலயும் தகடு மாட்டியிருக்கீங்க."

"மாட்டாம? நான்தானே மூலம்!"

"அப்ப அதோட பிரேக்கைக் கழட்டறேன். பாறையெல்லாம் வேணாம். இங்கேர்ந்து கீழ ரோடு வரைக்கும் நல்ல தார் ரோடு. ஒரே ஒரு தடவை இறங்கிக் காட்டுங்க. என் தம்பியை நானே பிரேக் இல்லாம அனுப்பி வைக்கறேன்."

ஆசான் சிரித்தார். "ஸ்கூட்டர் வேறம்மா."

"அது ஓடறது சக்கரத்துல இல்லையா?"

"சக்கரம்தான்... ஆனா..."

அக்கா ஆனாவுக்குக் காத்திருக்கவில்லை. மேஜையிலிருந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். கூட்டம் சைக்கிளும் தோளுமாகப் பின்னால் ஓடியது. அவள் உட்கார்ந்து ஸ்பானரை பிரேக்கில் வைத்ததுதான் தாமதம், ஆசான் கண்ணாடி கழன்று விழ ஓடி வந்து கத்தினார்:

"ஏய், கையை எடு! கீழ வளைவு இருக்குடி! செத்துடுவேன்!"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

எனக்கும் கீழே ஒரு வளைவு இருந்தது. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் என் பிரேக் கட்டையைக் கழற்றியபோது அவர் விரல் துளி நடுங்கவில்லை.  அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த வெட்கம் அதிகம். அவர் என்னை மலையிலிருந்து தள்ளவில்லை. நான்தான் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, சிரித்தபடி, போய் நின்றேன்.

பிறகு நடந்ததற்குக் கூட்டம் என்று பெயர் வைக்க முடியாது. சைக்கிள்கள் தோளிலிருந்து தொப்பு தொப்பென்று இறங்கின. கொடுத்த பணத்தைக் கேட்டு ஆளாளுக்கு ஆசானின் பையைப் பிடித்து இழுத்தார்கள். பையை அங்கேயே விட்டுவிட்டு அவர் ஸ்கூட்டரில் ஏறினார். வளைவில் இரண்டு பிரேக்கையும் பிடித்து, இண்டிகேட்டர் போட்டு, இடமும் வலமும் பார்த்து, ஒழுங்காகத் திரும்பிப் போனார். அன்று அவர் கற்றுக்கொடுத்த உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

நான் சீசாவிலிருந்து என் கட்டைகளைப் பொறுக்கினேன். அக்காவே அவற்றை வாங்கி மாட்டினாள். "பிடிச்சுப் பாரு," என்றாள். பிடித்தேன். சக்கரம் நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி விழுந்ததாகச் சொல்லிவைத்தேன்.

பந்தயம் நடந்தது. பல்லுடைச்சானின் உச்சிக்கு வந்தபோது முன் பிரேக், பின் பிரேக், போதாததற்குக் காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். பாதியில் ஒரு நத்தை என்னைத் தாண்டியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். குழு கைவிட்டுப் போயிற்று. கடைசியாக வந்து சேர்ந்தேன். அக்கா எனக்கு முன்னால் வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சுற்றி ஒரு கூட்டம். பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டே போனேன். மருந்துக்கடைக்காரர் முதலில் நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அடுத்த பந்தயத்துக்கு எனக்கும் ஒரு கம் மென்னு குடுங்களேன்."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"நீங்க எப்பவும் கடைசி. இன்னிக்கு ஒரு இடம் முன்னேறிட்டீங்க. கல்லும் கம்மும் சும்மாவா?"

"யோவ்!" என்று நான் கத்தினேன். "அவ முன்னேறல. நான் கடைசியா வந்தேன். அதான்!"

அவர் என் முன் சக்கரத்தைக் கூர்ந்து பார்த்தார். அக்கா கட்டையை மாட்டும்போதே கூழாங்கல்லையும் பிய்த்து எறிந்திருந்தாள்.

"உங்க சக்கரத்துல கம் இல்ல," என்றார் இரக்கத்தோடு. "பின்ன கடைசியா வராம?"

அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. டீச்சர்கூட ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, பபிள்கம் பொட்டலத்தைப் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் வீசினாள். மூன்று பேர் தொட்டிக்குள் கையை விட்டார்கள்.

பந்தயத்துக்கு ஹெல்மெட் கட்டாயம். இல்லையென்றால் கோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஹெல்மெட்டுக்குள் இருப்பதையும் கொண்டுவர வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. அதை நாமாகத்தான் ஞாபகமாக எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.