தூணுக்குள் இருந்த சீப்பு

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகன், வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் நலம். நீங்கள் கட்டிய வீடுதான் சுமார். அக்கா வீட்டில் நீங்களும் உங்கள் கோபமும் நலமா?

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது பெரியப்பா. நிலநடுக்கம் வந்தால் பழைய கான்கிரீட் கட்டடம் தாங்குமா என்று சோதிக்க வந்தவர்கள் முதலில் சமர்த்தாகத்தான் இருந்தார்கள். சின்னச் சுத்தியலால் தூண்களைத் தட்டினார்கள், ஏதோ கருவியை மேலே தேய்த்து உள்ளே இருக்கிற கம்பியை எண்ணினார்கள், நீங்களும் "நானே கூட நின்னு போட்ட தூண்யா, யானையைக் கட்டலாம்" என்று பின்னாலேயே நடந்தீர்கள். அப்புறம் ஹால் தூணில் துளை போட்டு மாதிரிக்கு ஓர் உருளையை உருவினார்களே, அதில் கான்கிரீட்டோடு பாதிச் சீப்பும் சேர்ந்து வரும் என்று யார் கண்டது? பெரியம்மா வேறு வாங்கிப் பார்த்து, "இதைத் தொலைச்சுட்டேன்னு என்னையில்ல திட்டுனீங்க!" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "சீப்பு கிடைச்சிருச்சு, அடுத்த தூணையும் தோண்டுங்க, பெரியப்பா முடி அங்கதான் இருக்கும்"னு நான் சொல்ல, துளை போட்டவர் மெஷினை நிறுத்திட்டுச் சிரிக்க, அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்க, கம்பி எண்ண வந்தவங்க இருக்கும்போதே நீங்க அக்கா வீட்டுக்குக் கம்பி நீட்டிட்டீங்க. நீங்க கை ஊன்றி நின்ன இடத்துல, துளை போட்டப்ப தெறிச்ச சிமெண்ட் சேத்துல அஞ்சு விரலும் அப்படியே இருக்கு. யாருக்கும் துடைக்க மனசு வரல.

நீங்க செருப்பை மாட்டும்போது, சோதிக்க வந்தவங்கள்ல இருந்த இன்ஜினியர் அக்கா சொன்னது எங்க சிரிப்புல உங்க காதுல விழவே இல்ல. "அவர் மேல குறை இல்லைங்க. அப்ப எல்லாரும் இப்படித்தான் கட்டினாங்க. நிக்கிறதுக்குக் கட்டினாரு, நின்னுடுச்சு. ஆட்டினாலும் தாங்கணும்னா, நேர்க்கம்பிகளைச் சுத்திக் கட்டுற வளையக்கம்பி நெருக்கமா வேணும்"னாங்க. தூணைச் சுத்திப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுக் குண்டாக்கிட்டா போதுமாம். வீடு உங்க பேர்ல இருக்கறதால அதுக்கு உங்க கையெழுத்து வேணும். அப்பா போன் பண்ணினா, "நான் கட்டின வீட்டுக்கு எவனும் முட்டுக் கொடுக்க வேணாம்"னு வெச்சுடறீங்க.

முன்னெல்லாம் லாரி போய் ஜன்னல் அதிர்ந்தா, "லாரிடா, தூங்கு"ன்னு உங்க குரல் வரும். இப்ப லாரி மட்டும் வருது. நாங்க ஆளுக்கொரு பக்கம் முழிச்சுக்கிட்டுக் கிடக்கோம். வாங்க பெரியப்பா. நாலு அறை விடுங்க, தூண் மாதிரி நின்னு வாங்கிக்கிறேன்.

உங்கள் ஆசியையும் தலையில் ஒரு குட்டையும் சேர்த்தே எதிர்பார்க்கும்,
வாய் நீண்ட தம்பி மகன்

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டும்போது இன்ஜினியர் அக்கா வந்து, தூண் வேலை முடியிற வரைக்கும் யாரும் இந்த வீட்ல தங்கக் கூடாதுன்னுட்டாங்க. உங்க கையெழுத்து இல்லாம வேலையே ஆரம்பிக்காது. அதனால பெரியம்மா, அப்பா, அம்மா, நான், எல்லாரும் மூட்டை முடிச்சோட அக்கா வீட்டுக்கே வர்றோம். கையெழுத்துப் போட வேண்டிய தாள் பெரியம்மா பையில இருக்கு. சீப்பும்.