ஏழாம் நம்பர் மனைக்கு நான் செய்த விளம்பரம்

ஏழாம் நம்பர் மனையை விற்றே தீருவது என்று ஆடிப்பெருக்கு அன்று முடிவெடுத்தேன். முடிவெடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செவ்வந்திக்குத் தெரிந்துவிடும். செவ்வந்தி என் மனைவி. ஆனால் அன்று சாயங்காலமே அவள், மனையை விற்கப் போகிறீர்களாமே என்று கேட்டாள். யார் சொன்னது என்று பதறினேன். "காலைலேர்ந்து உங்க மூஞ்சியிலயே விளம்பரம் ஓடுது" என்றாள்.

என் பெயர் சக்கரவர்த்தி. ராஜ்ஜியம் எல்லாம் பெயரோடு சரி. பிறந்தது ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம், மலை மேல். கீழே இறங்கி வந்து பன்னிரண்டு வருஷமாகச் சந்தவாசலில் மனை புரோக்கராக இருக்கிறேன். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நான் குடியிருப்பது வாடகை வீட்டில். இதில் எனக்கு வெட்கம் கிடையாது. முடிவெட்டுகிறவர் தலை வழுக்கையாக இருக்கக் கூடாதா என்ன? செவ்வந்திக்குத்தான் ஆறவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். அதனால் எங்கள் கல்யாண போட்டோ பன்னிரண்டு வருஷமாகத் தரையிலேயே சாய்ந்து நிற்கிறது.

மலையடிவாரத்தில் கெங்கம்மாள் என்கிற அம்மாள் தன் நிலத்தைப் பிரித்து 'மலைமுகம் நகர்' என்று மனை போட்டார். அதில் இருபது மனையை விற்றுக் கொடுத்தேன். அதற்குத் தரகாக ஏழாம் நம்பர் மனையை என் பெயருக்கே எழுதிவிட்டார். மூலை மனை, கிழக்குப் பார்த்தது, பக்கத்திலேயே கிணறு. அதில் வீடு கட்ட வேண்டும் என்பது செவ்வந்தியின் கட்சி. அதை விற்று, வேலூரில் ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து ஓர் ஆபீஸ் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் இரண்டே கட்சிதான். ஆனாலும் நான் எப்போதும் எதிர்க்கட்சி.

இந்த முறை விடுவதில்லை என்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். 'இருபது நாளில் எந்த மனையும் விற்கும்' என்பது வகுப்பின் பெயர். கோட்டு போட்ட ஒருவர் செல்போனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்து, "நீங்கள் விற்பது மண் அல்ல, கனவு" என்றார். எனக்குப் புல்லரித்தது. பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த செவ்வந்தி, கனவுக்குப் பட்டா யார் தருவார்கள் என்று கேட்டாள். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.

முதல் பாடம், வீடியோ. கூலிங் கிளாஸ் போட்டு, ஏழாம் நம்பர் மனையில் நின்று, ஜவ்வாது மலையைக் கை காட்டி நாற்பது விநாடி பேசினேன். ஏற்றிய இரண்டே நாளில் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். நாற்பத்தாறு பேர் விலை கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்குப் பின்னால் ஒரு கிடா மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. நாற்பத்தாறு பேரும் கேட்டது அதன் விலையை.

அடுத்தது வாட்ஸ்அப். நான் இருந்த பதினேழு குரூப்பிலும் மனைப் படத்தைப் போட்டேன். பதினாறு குரூப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். பதினேழாவது குரூப்புக்கு நானே அட்மின்.

கோட்டுக்காரர் மனம் தளரக் கூடாது என்றார். இணையத்தில் எல்லோரும் கத்துகிறார்கள், தபால்காரர் கொண்டுவரும் கடிதத்தைத்தான் இன்று மனிதன் மதிக்கிறான், கடிதம் அனுப்புங்கள் என்றார். ஆரணியில் வழவழ காகிதத்தில் என் படத்தோடு நோட்டீஸ் அடித்து, நூறு வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். மறுவாரம் பஸ் ஸ்டாண்டு கடையில் மசால்வடை வாங்கினேன். என் முகத்தில்தான் மடித்துக் கொடுத்தார்கள். எண்ணெயை நன்றாக உறிஞ்சியிருந்தது.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தோம். செவ்வந்தியே பேசினாள்.

"மஞ்சா தடவாத லெட்டர யாருங்க பிரிச்சிப் பாப்பாங்க?"

"இன்னா சொல்ற?"

"நாலு மூலையில மஞ்சா இருந்தா, படிக்கத் தெரியாதவங்ககூட பத்திரமா எடுத்து வெப்பாங்க. நா ஒண்ணும் சொல்லலப்பா. ரசம் ஊத்தட்டுமா?"

அவள் ரசம் ஊற்றுவதற்குள் எனக்குள் ஒரு மாபெரும் யோசனை உதித்துவிட்டது. மஞ்சள் தடவிய காகிதத்தை நம் ஊரில் யாரும் கிழிக்க மாட்டார்கள், கசக்க மாட்டார்கள், அதில் வடை மடிக்கவே மாட்டார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைப்பார்கள். உலகத்தில் எந்த விளம்பரத்துக்கு அந்த இடம் கிடைக்கும்? இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றியிருக்கிறது என்று செவ்வந்தியிடம் சொன்னேன். எப்படித்தான் உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுதோ என்று ஆச்சரியப்பட்டாள்.

அதன் பிறகு நான் நிற்கவே இல்லை. கடித வாசகத்தை நானே எழுதினேன். நிகழும் மங்களகரமான ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள், மலைமுகம் நகர் ஏழாம் நம்பர் மனைக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்து கண்டு களிக்க வேண்டும் என்று எழுதினேன். எந்த ஞாயிறு என்று செவ்வந்தியைக் கேட்டேன். அவள் காலண்டரை வெகுநேரம் புரட்டி ஒரு தேதி சொன்னாள். பெண் பெயர் இருந்தால் நம்பிக்கை வரும் என்பது நான்காம் பாடம். அதனால் அடியில் 'சக்கரவர்த்தி, செவ்வந்தி' என்று இருவர் பெயரும் போட்டேன். பிரஸ்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். வியாபார ரகசியம் என்றேன். அவர் மேலே ஒரு பிள்ளையார் படத்தை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

முகவரிகளுக்கு என்ன செய்வது? வகுப்பில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். செவ்வந்தி பீரோவிலிருந்து, எங்கள் மகள் சுவேதாவின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்த நோட்டை எடுத்து வந்தாள். முந்நூறு முகவரி, பின்கோடோடு. மலை மேல் நூற்றிருபது, கீழே நூற்றெண்பது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தெரிந்தவர்களிடம்தான் முதலில் விற்க வேண்டும் என்று கோட்டுக்காரரும் சொல்லியிருந்தார்.

தொடர்புக்கு யார் நம்பர் போடுவது என்று யோசித்தேன். என் போனில் வகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். செவ்வந்தி நம்பரையே போட்டேன். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். முதல் விதி, அவர்கள் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லவே கூடாது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கல்யாணமாகி அவள் நான் சொல்லித் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முந்நூறு கடிதத்துக்கும் நான்கு மூலையில் மஞ்சள் தடவியதில் ஒரு வாரம் என் விரல் மஞ்சளாகவே இருந்தது. தபாலில் சேர்த்த மூன்றாம் நாளிலிருந்து செவ்வந்தியின் போன் ஓயவில்லை. வெளியே போய் வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"இன்னிக்கி எத்தினி பேரு?"

"முப்பத்திரண்டு பேருங்க. எல்லாருமே வர்றேன்னு சொல்லிட்டாங்க. குடும்பத்தோட."

"வெல கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கலீங்க."

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். விலையைக் கூடக் கேட்காமல் குடும்பத்தோடு மனை பார்க்க வருகிறார்கள் என்றால் அது என் கடிதத்தின் சக்தி. இதைக் கோட்டுக்காரருக்கு எழுதி அனுப்பினேன். தன் முப்பது வருஷ அனுபவத்தில் இப்படிக் கேள்விப்பட்டதில்லை என்று அவர் பதில் போட்டார். அதைச் செவ்வந்திக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அந்த ஞாயிறும் வந்தது. எட்டு மணிக்கே மனைக்குப் போய், நான்கு பக்கமும் கொடி கட்டி, கூலிங் கிளாஸ் போட்டு நின்றேன். எட்டரைக்கு முதல் பஸ்ஸில் ஒரு கும்பல் இறங்கியது. ஒன்பது மணிக்கு மலைப்பாதையில் வரிசையாக ஜீப்புகள் இறங்கி வந்தன. ஒரு நோட்டீஸுக்கு ஒருவர் வந்தாலே பெரிது என்பார்கள். எனக்கு ஒரு கடிதத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன். அந்த நிமிஷம் வேலூர் ஆபீஸின் கண்ணாடிக் கதவை என் கையால் தள்ளித் திறந்த மாதிரியே இருந்தது.

என்னவோ எல்லோர் கையிலும் தட்டு இருந்தது. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. ஒருவர் சாமை மூட்டை இறக்கினார். ஒருவர் பலாப்பழம். கடைசியாக என் மைத்துனன் சின்னராஜின் ஜீப் வந்து நின்றது. அதன் தலைமேல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு நிலைவாசல் இருந்தது. வீட்டுத் தலைவாசலுக்கு வைக்கிற நிலை, இழைத்து, மாவிலை கட்டி, பொட்டும் வைத்திருந்தது.

"மாமா, நெலைய எங்க எறக்கறது?"

"எதுக்குடா நெலை?"

"தாய்வூட்டு சீரு மாமா. நம்ம வூட்டுப் பலாமரம். அக்கா பத்து நாளா போன் பண்ணி அளவு சொல்லிகினே இருந்துச்சி."

"மனை பாக்க வர்றவன் நெலைய தூக்கிகினு வருவானா?"

"பூமி பூசைக்கி கொஞ்சம் முந்திதான் மாமா. ஆனா ஜீப்பு இன்னிக்கிதான் கெடச்சிது."

பூமி பூசை. செவ்வந்தியைத் தேடினேன். புதுப்புடவை கட்டி, கற்பூரத் தட்டோடு மனையின் ஈசானிய மூலையில் நின்றாள். பக்கத்தில் வீடு கட்டும் சேட்டு மேஸ்திரி நூலும் சுண்ணாம்புப் பொடியுமாகத் தயாராக இருந்தார்.

"செவ்வந்தி, இவங்கல்லாம் மனை பாக்கத்தானே வந்தாங்க?"

"ஆமாங்க. எவ்ளோ ஆசையா பாக்கறாங்க பாருங்க."

"கையில தட்டு இருக்குதே?"

"மஞ்சா தடவி அனுப்பினா வெறுங்கையோட வருவாங்களா?"

"போன்ல நீ இன்னாதான் சொன்ன?"

"சொந்த வூடு கட்டறீங்களா, பூமி பூசையான்னு கேட்டாங்க. கஷ்டமர் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட இடம் இல்லை. சுற்றிலும் முந்நூறு குடும்பம் நிற்கிறது. இந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் ஆம்பூர்க்காரர், பெயர் பாலமுருகன். என் வீடியோவைப் பார்த்து வந்திருந்தார். கிடாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, இந்த ஏழாம் நம்பர் மனை தனக்கே வேண்டும், இன்றே பேசி முடித்துவிடலாம் என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்.

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. சின்னராஜ் நிலையைப் பிடித்தபடி நின்றான். நான் செவ்வந்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கற்பூரத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கை ஆடி நான் பார்த்ததில்லை. ஆபீஸை நினைக்கத்தான் பார்த்தேன், நினைவுக்கே வரவில்லை.

"இது விக்கறதுக்கு இல்லீங்க. எங்க வூடு கட்டறோம்" என்றேன்.

செவ்வந்தி கற்பூரத்தை ஏற்றினாள். மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்கள். முதல் வெட்டு வெட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த மண் வாசனை எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கோட்டுக்காரர்கூட எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை. பாலமுருகன் கொஞ்ச நேரம் கூட்டத்தையும் நிலையையும் பார்த்தார். புரோக்கரே தனக்கென்று வைத்துக்கொண்டு வீடு கட்டுகிற இடம் என்றால் தண்ணீரும் பத்திரமும் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, எட்டாம் நம்பரைக் கேட்டார். அதைக் கேட்ட செவ்வந்தியின் சித்தப்பா, வெளியூர்க்காரன் முந்துவதா என்று ஒன்பதைப் பிடித்தார். அவருக்கும் அவர் பங்காளிக்கும் ஆகாது, பங்காளி பத்தைப் பிடித்தார். இலை போட்டுக் கேசரி பரிமாறுவதற்குள், ஒரு வருஷமாக விலை போகாமல் கிடந்த பதினான்கு மனைக்கும் ஆள் நின்றது. கெங்கம்மாளே வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு விளம்பரத்தைத் தன் ஆயுசில் கண்டதில்லை என்றார். எனக்கு ஒரு மாலை போட்டார்கள். நான் கூலிங் கிளாஸை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.

மாலையோடு மனையைச் சுற்றி வந்தேன். சேட்டு மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு முடித்திருந்தார். இது கூடம், இது சமையல்கட்டு, இது பூசை அறை என்று காட்டினார். தெருவைப் பார்த்து முன்னால் இன்னோர் அறைக்கும் கோடு போட்டிருந்தது. இது என்ன என்று கேட்டேன். ஆபீஸ் என்றார் மேஸ்திரி.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் ஆசைக்கும் அந்த வீட்டில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாள். அவளைப் போய்த் தப்பாக நினைத்தேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். மாலையோடு அந்தக் கோட்டுக்குள் போய், மேஜை எங்கே போடலாம், நாற்காலி எந்தத் திசை பார்க்கலாம் என்று நின்று பார்த்தேன். செவ்வந்தி அந்தப் பக்கமாக வந்தாள்.

"இந்த ஆபீஸு ரூம் ரொம்ப நல்லா இருக்குது செவ்வந்தி" என்றேன்.

"நல்லா இருக்குது இல்ல? கெங்கம்மா அடுத்து போடப் போற லேஅவுட்ட முழுசா என்கிட்டயே குடுத்துட்டாங்க. மனை காட்டறதுக்கு வெளிய சுத்த ஒரு ஆளு வேணும்னு கேட்டேன். தெரிஞ்ச ஆளுதானே, உங்களையே வெச்சிக்கச் சொல்லிட்டாங்க."