ஏகமனதாகக் கோரை

பருவநிலை மாறிவிட்டது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு மக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? ஏழு குடும்பங்கள் சேர்ந்து, ஊருக்கு வெளியே சும்மா கிடந்த அரசுச் சரிவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். சோளம், அவரை, பூசணி, எள், கடலை, துவரை, மிளகாய் என்று வீட்டுக்கு ஒரு விதையாகக் கொண்டுவந்து, ஏழையும் கலந்து விதைத்தார்கள். மழை வந்தால் ஒன்று பிழைக்கும், வராவிட்டால் இன்னொன்று பிழைக்கும். உரக்கடைப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. போன வருஷம் சுற்றுவட்டாரமே காய்ந்து கருகியபோது, அந்தச் சரிவு மட்டும் பச்சையாக இருந்தது. ஏழு வீட்டு அடுப்பும் எரிந்தது.

குழுவின் தலைவியை எல்லாரும் தலைவி என்றே கூப்பிட்டார்கள். புருஷனும் அப்படித்தான், ஆனால் அவர் கேலிக்கு. குத்தகை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் ‘பருவநிலைத் தாங்குதிறன் மிக்க சமூக வேளாண் வயல்’ என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். இல்லையென்றால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். தலைவிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வேளாண்மை அலுவலரைச் சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். உட்கார நாற்காலி கொடுத்தார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், படிவமும் கொடுத்தார். அதில் ‘பயிர்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது.

“ஏழு பயிர் இருக்கு சார்.”

“கட்டம் ஒண்ணுதானேம்மா இருக்கு.”

“பொடியா எழுதிடறேன்.”

“கம்ப்யூட்டர் ஒரு பேரைத்தான் எடுக்கும். ஒண்ணை எழுதுங்க, மிச்ச ஆறையும் களைன்னு போட்டுக்கறேன். களையைப் பத்தி இங்க யாரும் கேக்க மாட்டாங்க.”

இவ்வளவுதானா விஷயம் என்று தலைவி நிம்மதியாக வீடு திரும்பிக் கூட்டம் போட்டாள். எந்தப் பயிர் என்பது மட்டும்தான் பாக்கி.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் சோளம் என்றார். சோள விதை அவர் கொண்டுவந்தது. அப்படியானால் என் அவரை களையா என்று தையல்காரர் எழுந்து நின்றார். பூசணி இல்லாவிட்டால் மண்ணில் ஈரமே நின்றிருக்காது என்று தலைவியின் நாத்தனார் அடித்துச் சொன்னாள். மூன்று வருஷம் ஒருவர் விதையை ஒருவர் கையால் தூவியவர்கள், ஒரே சாயங்காலத்தில் யார் களையெடுக்க வரவில்லை, யார் அரிவாளைத் திருப்பித் தரவில்லை என்று எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். பொதுவாக எள் என்று எழுதிவிடலாமே என்றாள் தலைவி. எள் அவளுடையது.

“இதுக்குத்தான் தலைவியா வந்தீங்களா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

தலைவி அன்றைக்குக் கூட்டத்தைக் கலைத்தாள். மூன்றாவது கூட்டத்தில் பொறுமை போய், அப்படியானால் யாரும் விதைக்காததை எழுதுகிறேன், கோரை என்று எழுதிவிடவா என்று கத்தினாள். மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கோரைப்புல். கூட்டம் அடங்கிவிட்டது. அதுதான் நியாயம் என்றார் தையல்காரர். கம்ப்யூட்டரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்தது கள ஆய்வு. அலுவலர் சரிவு முழுக்க ஏறி இறங்கி, பதிவான பயிர் மருந்துக்குக்கூட இல்லையே என்று வருத்தப்பட்டார். எப்படி இருக்கும்? வாராவாரம் ஏழு குடும்பமும் இடுப்பொடியக் குனிந்து அதைப் பிடுங்கியிருந்தது. களைகள் மட்டும் அமோகமாக உள்ளன என்று குறித்துக்கொண்டு, சதுர மீட்டருக்கு இருபது கோரை காட்ட ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

வாய்க்கால் கரையிலிருந்து கூடை கூடையாகக் கோரை வந்தது. வரிசை பிடித்து நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அவரவர் அடுத்தவர் பயிருக்குப் பக்கத்தில்தான் நட்டார்கள். அலுவலர் உட்கார்ந்து இருபது வரை எண்ணினார், சான்றிதழ் கிடைத்தது. பத்து வருஷக் குத்தகையும் வந்தது.

இரண்டே மாதத்தில் கோரை அவரையை அமுக்கி, கடலைக்குள் கிழங்கு விட்டுப் பரவியது. பிடுங்க முடியாது. பதிவான பயிரை அழித்தால் குத்தகை ரத்து. தலைவி தினமும் காலையில் போய்ப் பார்ப்பாள். அழுகை வரும், அழவும் வெட்கமாக இருக்கும்.

ஒரு நாள் அலுவலரே வீடு தேடி வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லையாம்.

“மேல எழுதிப் போட்டேம்மா, ஒத்துக்கிட்டாங்க. புதுப் படிவத்துல ஏழு கட்டம். ஏழையும் எழுதிக் கொடுங்க, கோரையை நாளைக்கே பிடுங்கிடலாம்.”

தலைவிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அன்றைக்கே கூட்டம் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள், நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஓட்டியவர் கண்ணாடியைப் போட்டுப் படிவத்தைப் பார்த்தார். கட்டங்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருந்தது.

“முதல் கட்டத்துல யாரோடது?” என்றார்.

மறுநாள் தலைவி வெற்றுப் படிவத்தை அலுவலர் மேஜையில் வைத்தாள். சமூக ஒற்றுமை கருதிக் கோரையே தொடர ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று கூடவே ஒரு கடிதம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அலுவலர் அதை இரண்டு முறை படித்தார்.

“நீங்களாவது கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாமேம்மா.”

“எள்ளை ஏழாவதுல எழுதச் சொன்னாங்க சார்,” என்றாள் தலைவி.