மீனிங் பாய் வைத்த சோழிகள்

இங்கிலீஷ் வார்த்தைகளுக்குச் சொந்தபந்தம் பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் மீனிங் பாய்தான். எழுபதைத் தாண்டியவர். தனுஷ்கோடியில் சங்கும் சோழியும் விற்றுக்கொண்டிருந்தார். நான் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேனேஜர். தங்க வருகிறவர்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போகும்போதெல்லாம் அவர் கடையில்தான் நிற்பேன்.

ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்று டூரிஸ்ட் யாராவது சொன்னால் போதும். பாய் வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் கூரையில்லாமல் நிற்கும் வீட்டுக்குள் போய், அர்த்தத்துக்கு ஒரு சோழி வைப்பார். ஒரே வயிற்றில் பிறந்த அர்த்தங்கள் என்றால் ஒட்டி வைப்பார். பெயர் மட்டும் ஒன்று, மற்றபடி யாரோ எவரோ என்றால் தள்ளி வைப்பார். தீர்ப்புச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அத்தனையும் தப்பு.

“தீப்பெட்டி மேட்சு, கிரிக்கெட் மேட்சு. ரெண்டும் சொந்தம் தம்பி. உரசுனா பத்திக்கிரும்ல?” என்று ஒட்டி வைத்தார்.

“மவுத்து. ஆளுக்கு வாய், சரி. கடல்ல சேர்ற ஆத்துக்கு ஏது வாய்? பல்லு வெளக்குதா?” என்று தள்ளி வைத்தார்.

மறுநாள் காலையில் மேட்ச் சோழிகள் விலகிக் கிடந்தன. மவுத் சோழிகள் ஒட்டிக் கிடந்தன. நான்கிலும் ஈரம். கடலோ அவ்வளவு தூரம் ஏறி வரவில்லை. செல்போனில் அகராதியைப் பார்த்தேன். சோழிகள் சொன்னதுதான் சரி.

“நண்டு நகத்தியிருக்கும் பாய்.”

“நண்டு எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுச்சு?”

பாயே நகர்த்தியிருக்கவும் வழியில்லை. பொழுது சாய்ந்தால் போலீஸ்காரர்கள் எல்லோரையும் தனுஷ்கோடியிலிருந்து கிளப்பிவிடுவார்கள். முந்தின நாள் நாங்கள் ஒரே வேனில் திரும்பி, காலையில் ஒரே வேனில்தான் வந்தோம்.

அப்புறம்தான் சொன்னார். அது அவர்கள் வீடு. அறுபத்துநாலு புயலில் கடலோடு போன அக்கா, அவர் வாயில் லாத்தா, அங்கேதான் அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாளாம்.

“லாத்தாவுக்குத் தப்புன்னா பொறுக்காது. நங்குன்னு கொட்டிப்புடும்” என்று தலையைத் தடவிக்கொண்டார்.

போன வருஷம் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. துபாயில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். பாய் ஒரே அடம்.

“நான் போயிட்டா லாத்தா யாருக்குத் திருத்தும்? அங்கன தனியா உக்காந்திருக்குமே தம்பி.”

“நான் வைக்கிறேன் பாய். நீங்க போங்க.”

போனார். இப்போது சாயங்காலங்களில் நான் போய், ஒரு வார்த்தையை வேண்டுமென்றே தப்பாக வைத்துவிட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் துபாயிலிருந்து போன் வரும்.

“லாத்தா திருத்திருச்சா தம்பி?”

திருத்தாவிட்டாலும் திருத்திவிட்டதாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனிதர் தாங்கமாட்டார் என்று முதல் நாளே முடிவுசெய்து வைத்திருந்தேன். இதுவரை பொய் சொல்ல வேண்டி வரவில்லை.