அவலில் விழுந்த எட்டாவது பீரங்கி

தெரியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது. முப்பது வயது வரைக்கும் இந்த வியாதி இருந்தது. வழி கேட்டவர்களை எதிர்த்திசையில் அனுப்பியிருக்கிறேனே தவிர, தெரியாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்த லட்சணத்தில் தர்ஷினியைக் காதலித்தேன். அவள் அப்பா சம்மதித்தால்தான் கல்யாணம். அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், ஸ்ட்ராத்ஃபீல்டில் சொந்த வீடு. நான் கோயம்புத்தூர்க்காரன், குவேக்கர்ஸ் ஹில்லில் வாடகை அறை. மனிதர்களைவிடப் போர்க்கப்பல்கள்மீதுதான் அவருக்குப் பிரியம். (அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். கப்பல் எதிர்த்துப் பேசாது.) ஆறு வருடமாக ஹால் மேசையில் லைட் குரூசர் வகைப் போர்க்கப்பல் மாடல் ஒன்று செய்துகொண்டிருந்தார். ஒரு மீட்டர் நீளம். பீரங்கிக் குழாய் ஒவ்வொன்றும் பித்தளையில் அவரே கடைந்தது.

முதல்முறை போனபோது ரயிலில் முக்கால் மணி நேரம் கப்பல் வீடியோ பார்த்துக்கொண்டே போனேன். நிபுணன் ஆகிவிட்டேன்.

"தம்பிக்குக் கப்பலைப் பற்றி ஏதும் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும் அங்கிள். இந்தப் பெரிய ஆறு அங்குலப் பீரங்கி எட்டும் விமானத்தைச் சுடத்தானே?"

"ஓம், ஓம்" என்றவர் விறுவிறுவென்று குசினிக்குள் (சமையலறைதான்) போய்விட்டார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

அடுத்து அவர் கூப்பிட்டது சரஸ்வதி பூசைக்கு. மறுநாள் காலை கப்பல் ஒரு மாடல் கண்காட்சிக்குப் போகிறது. பூசையன்றே எங்கள் விஷயமும் முடிவாகும் என்று தர்ஷினி சொல்லியிருந்தாள்.

நான் போனபோது அங்கிள் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அன்ரி (தர்ஷினியின் அம்மா) பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். தர்ஷினி மாடியில் சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஹாலில் நானும் கப்பலும். பக்கத்தில் பெரிய தட்டு நிறைய அவல், கிண்ணத்தில் சந்தனம், குங்குமம்.

எங்கள் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். பூசையன்று பொட்டு வைக்காத இயந்திரம் அங்கே கிடையாது. டீ கெட்டிலுக்குக்கூட உண்டு. இவ்வளவு பீரங்கிகளை வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் பொட்டு இல்லையா? அங்கிள் வந்து பார்த்தால் கண் கலங்கிவிடுவார் என்று தோன்றியது. (கலங்கியது.)

தீக்குச்சியால் ஆரம்பித்தேன். ஆறு அங்குலப் பீரங்கிகள் மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தன. நான்கு அங்குலப் பீரங்கிகளும் பரவாயில்லை. கடைசியில் ஓரத்தில் நின்ற இருபது மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகள். மொத்தம் எட்டு. குண்டூசியைவிட மெல்லிசு. அங்கே தீக்குச்சி வழுக்கி, குங்குமம் சாம்பல் நிற பெயிண்டில் அப்பிக்கொண்டது.

இப்போதும் சொல்கிறேன், பொட்டு வைத்ததில் தப்பில்லை. ஈர டிஷ்யூவால் துடைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. டிஷ்யூ மாட்டியது. இழுத்தேன். இரண்டாம் உலகப் போரிலிருந்து தப்பிவந்த அத்தனை விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் பறந்துபோய் அவலில் விழுந்தன.

வாசலில் கார் சத்தம். சும்மா நின்றால் சந்தேகம் வருமென்று ஒரு கை அவலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

அங்கிள் கப்பலைப் பார்த்தார். டிஷ்யூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஆர் செய்தது?"

நாக்கு நுனியில் ஐந்து பொய்கள் வரிசையில் நின்றன. எப்படியும் பெண் தரப்போவதில்லை, அப்புறம் எதற்குப் பொய் என்று ஆத்திரமாக வந்தது.

"நான்தான் அங்கிள். எனக்குக் கப்பலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ரயில்ல வீடியோ பாத்துட்டு வந்து கதை அளந்தேன்."

"அது அண்டைக்கே தெரியும். அந்தப் பெரிய பீரங்கி விமானத்தைச் சுடுற அளவுக்கு நிமிரவே நிமிராது, தம்பி. நான் குசினிக்குள்ள போய் நிண்டு சிரிச்சனான்."

அவலைப் பேப்பரில் கொட்டினார். பூதக்கண்ணாடியும் சின்ன இடுக்கியும் வந்தன. "சாமிக்குப் படைக்கிறதைக் கிண்டாதேங்கோ!" என்று அன்ரி கத்தினார். ஒரு மணி நேரம் சரஸ்வதி காத்திருந்தாள். ஏழு கிடைத்தன. எட்டாவது கிடைக்கவே இல்லை.

"ஆறு வருஷம் கட்டினதை ஆறு நிமிஷத்தில முடிச்சிட்டீர்" என்றார் அங்கிள். ஏழாவது பீரங்கியைத் திரும்ப ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "உண்மை சொன்னபடியால் கலியாணத்தைத் தையில வைப்பம். ஆனா இனிமேல் என்ர கப்பலுக்குக் கிட்டவும் வரப்படாது."

கப்பல் ஏழு பீரங்கியோடு கண்காட்சிக்குப் போனது. கேட்டவர்களிடம் எட்டாவதை மாலுமிகள் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள் என்று அங்கிள் சொல்லிச் சமாளித்தார்.

இன்றைக்கும் சரஸ்வதி பூசையன்று என் தட்டில் மட்டும் அவலுக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடி இருக்கும். எல்லோரும் உட்கார்ந்ததும், இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட அங்கிள் கேட்பார்: "எட்டாவது எங்க, தம்பி?"

"தெரியாது மாமா!" என்பேன். வீடே கைதட்டும்.

அன்றைக்கு வாயில் போட்ட அவலில் ஏதோ ஒன்று கடுக்கென்றது. கல் என்று நினைத்து விழுங்கிவிட்டேன். நன்றாகத் தெரிந்துகொண்டே தெரியாது என்று நான் சொல்வது உலகத்தில் அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.